நாலாம் கேள்வி

"உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?"
உண்டு, இல்லை: இரண்டு சின்னப் பெட்டி.
பாசையூர் எமிலியாம்பிள்ளை
இல்லையில் புள்ளடி போட்டு
பேனையை மூடி
மேசை விளிம்புக்குச் சமாந்தரமாய் வைத்தார்.

அவருக்குப் பின்னால் கதவு.
கதவுக்குப் பின்னால் ஒன்றரை டெஸ்லா.
போன மாசம் நிலம் துடைக்க வந்த பெடியனின் வாளியைப்
பறித்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது;
இரண்டு பேர் இழுத்தும் விடவில்லை.

சேட்டைக் கழற்றச் சொன்னேன்.
முதுகில் எட்டுத் தழும்பு.
"திருக்கை முள்ளு" என்றார். சிரிக்கவில்லை.
தழும்பைக் கண்டால் பஸ்ஸிலிருந்து இறக்கி
வெயிலில் நிறுத்திய காலத்து "இல்லை" அது.
இன்னும் பழுதாகவில்லை.

எக்ஸ்றேக்கு அனுப்பினேன்.
கறுப்பில் ஏழு வெள்ளை.
ஒன்று குறைந்தது.

*

திருநெல்வேலி வளாகம், பௌதிகம், நாலாம் வருசம்.
எந்த மலையிலோ யாரோ எடுத்த நிறமாலையை
ஆய்வுக்கென்று என் கையில் தந்தார்கள்.
குதிரைக்குட்டி மண்டலத்தில் காமா.
ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தை நீட்டி விரித்தால்
சாரத்தின் கரைபோல கோடு, கோடு, கோடு.
இரும்புக்கு ஒரு கோடு நிற்கவேண்டிய இடத்தில்
ஒட்டி ஒட்டி இரண்டு.
காந்தம் பிளந்தது.
பிளவை அளந்தால் காந்தத்தின் பலம் வரும்.
அளந்தேன், மூன்று மாசம்,
அறைத்தோழி லைற்றை அணை என்று கத்தக் கத்த.

குரோமியம், ஸ்ட்ரோன்சியம், யூரோப்பியம்.
சூரியனில் தேடிப் பொறுக்கவேண்டியவை
அங்கே தோலெல்லாம் திட்டுத் திட்டாய்.
உள்ளே அது சாதாரண நட்சத்திரம்தான்.
மெல்லச் சுழல்கிறது. காந்தம் பிடித்த பிடியில்
மேற்பரப்பு கலங்குவதில்லை.
கலங்காத இடத்தில்
வெளிச்சம் கீழிருந்து தள்ளத் தள்ள
கனமான சில மேலே வந்துவிடுகின்றன.

இதைச் சொல்லித்தான் பாஸானேன்.
பிறகு வேலை கிடைத்தது இங்கே.

*

"மேல வருது பிள்ளை" என்றார்.
"சண்டைக்க ஒண்டும் தெரியேல்லை.
ஓடினது, தொழிலுக்குப் போனது, திரும்ப ஓடினது.
இப்ப சும்மா இருக்கேக்கதான் கடிக்குது."

போன மாரியில் ஒன்று தானாக வந்ததாம்,
குளிக்கும்போது, சவர்க்கார நுரையோடு.
சேட்டுப் பையிலிருந்து எடுத்து வைத்தார்:
அரைப் புளியங்கொட்டை அளவு.
முதலில் தொடவில்லை. பிறகு தொட்டேன்.
அவருடைய சூடு இருந்தது அதில்.

உள்ளே விடமாட்டேன் என்றதும் கோபம்.
விடிய நாலு மணிக்கு நம்பர் எடுத்தவர்.
ஏழும் ஒரே நேரம் கதவைப் பார்த்துத் திரும்பும் என்றேன்.
வாளியின் கதையைச் சொன்னேன்.
ஏனோ நட்சத்திரத்தின் கதையையும் சொன்னேன்:
அதன் காந்தம் இந்த அறையின் காந்தத்தில்
மூன்றில் ஒன்றுகூட வராது.
"அப்ப அது சின்னச் சாமான்" என்றார்.
சேட்டைப் போட்டுக்கொண்டார்.

*

இரவு கரண்ட் இல்லை.
அவிட்டத்துக்குக் கொஞ்சம் கிழக்கே
கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு புள்ளி.
ஒரு தரம் சுழல அதற்கு நூறு வருசமளவில் வேண்டும்.
தொண்ணூற்றைந்து ஐப்பசியில் அவர் குப்புற விழுந்ததிலிருந்து
கால்வாசிக்குச் சற்றுக் கூடத் திரும்பியிருக்கிறது.
மற்றப் பக்கத்துத் திட்டுகளை அளக்கப்போகிறவள்
இன்னும் பிறக்கவில்லை.

நுளம்பு கடிக்கிறது. கீழே இறங்கினேன்.
கைப்பையில் அவருடைய படிவம்,
நாளைக்குப் பெரியவரிடம் காட்டவேண்டும்.
நாலாம் கேள்வியைத் திருத்தச் சொல்லிக் கொடுத்தேன்.
உண்டிலும் ஒரு புள்ளடி போட்டார்.
மற்றதை வெட்டுங்கோ என்றேன்.
வெட்டவில்லை.
இரண்டுக்கும் பக்கத்தில்
நிதானமாய், முழுப் பெயரில்,
கையெழுத்து.